முதலில் வடிவம், பிறகு மரம்: பழைய பாய்மரக் கப்பல் ஒன்றின் மறுசீரமைப்பு

பின்னணி

இந்த ஆய்வு இரண்டு பாய்மரம் கொண்ட ஒரு பழைய மரக்கப்பலைப் பற்றியது. நீளம் ஏறத்தாழ 14 மீட்டர். இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மீன்பிடிக்காகக் கட்டப்பட்டது. அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புக் கட்டையான ஏராவும், விலா எலும்புகள்போல் வளைந்த வங்குகளும் ஓக் மரம், வெளிப்பலகைகள் லார்ச் மரம். பலகைகள் ஒன்றன் விளிம்போடு ஒன்று முட்டி நிற்கும்படி வைத்து, இடுக்குகளில் கலப்பத்து அடித்து, அதாவது தண்ணீர் புகாதபடி பஞ்சு திணித்துக் கட்டிய உடல் அது. பலகைகளை வங்குகளோடு பிடித்திருந்தவை செப்பு ஆணிகள். ஏராவோடு கனமான கட்டைகளைப் பிணைத்தவை இரும்பு போல்ட்டுகள். மீன்பிடித் தொழிலிலிருந்து விலகிய பிறகு இயந்திரம் பொருத்தப்பட்டு, கை மாறிக் கை மாறி, கடைசியில் சில ஆண்டுகள் ஓடாமலே கிடந்தது.

வாங்கிய தம்பதி அதைப் பாய் விரித்து ஓடும் நிலைக்குக் கொண்டுவர விரும்பினார்கள். வேலைக்குத் தலைமை ஏற்றவர் மரக்கப்பல் கட்டுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஓர் ஓடாவி. அவருக்குக் கீழே இரண்டு தச்சர்களும், தொழில் பழகிக்கொண்டிருந்த ஓர் இளைஞரும் இருந்தார்கள். அளவுகளையும் பதிவுகளையும் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

கொட்டகைக்கு வந்தபோது கண்டவை

பக்கவாட்டில் தள்ளி நின்று பார்த்தாலே குறை தெரிந்தது. மேல்விளிம்பின் கோடு முன்னும் பின்னும் அழகாக ஏறி நிற்க வேண்டும். இதில் அது தட்டையாகக் கிடந்தது. ஏராவுக்கு அடியில் முனையிலிருந்து முனைக்கு நூல் கட்டிப் பார்த்தோம். நடுப்பகுதி முனைகளைவிட 90 மி.மீ. உயர்ந்திருந்தது, அதாவது முனைகள் தொங்கிவிட்டன.

மரக்கப்பலுக்கு வயதாவது பெரும்பாலும் இப்படித்தான். நடுப்பகுதி அகலமானது, அதைத் தண்ணீர் நன்றாகத் தாங்கும். ஒடுங்கிய முன்முனைக்கும் பின்முனைக்கும் அந்தத் தாங்கல் போதாது. எடை மட்டும் அங்கேயும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் முனைகள் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். மூட்டுகள் தளர்ந்து ஆணிகள் தேயத் தேய உடல் வளையும். பெரிய கப்பல்களும் தப்புவதில்லை. 1797இல் கடலில் இறங்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் யூஎஸ்எஸ் கான்ஸ்டிடியூஷனின் ஏரா 1990களில் உலர்துறைக்கு வந்தபோது ஓர் அடிக்கு மேல் இப்படி வளைந்திருந்தது.

உள்ளே இறங்கிப் பார்த்ததில் அடிவயிறு திரும்பும் இடத்தில், வளைவு அதிகமாக உள்ள பகுதியில், மூன்றில் ஒரு பங்கு வங்குகள் ஒடிந்திருந்தன. சிலவற்றின் பக்கத்தில் யாரோ எஃகுப் பட்டைகளை வளைத்துப் பூட்டியிருந்தார்கள். ஏராவுக்கு மேலே ஒரு பகுதியில் சிமெண்ட் கொட்டப்பட்டிருந்தது. இரும்பு போல்ட் ஒன்றைக் கழற்றினோம். தலையும் நுனியும் திடமாகவே இருந்தன. நடுவில் 19 மி.மீ. இருக்க வேண்டிய தண்டு 6 மி.மீ. வரை தேய்ந்திருந்தது. ஓக் மரத்தின் டானிக் அமிலமும் ஈரமும் சேர்ந்து இரும்பைத் தின்கின்றன, துருவால் சுற்றியுள்ள மரமும் கறுத்து வலுவிழக்கிறது. தலையை மட்டும் பார்த்து போல்ட் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

மக்கல் எங்கே இருந்தது என்பது முக்கியம். நீர்மட்டத்துக்குக் கீழே பெரிதாக ஒன்றும் இல்லை. மேல்தளம் பக்கச்சுவரைச் சந்திக்கும் ஓரங்கள், முன்முனையின் முகப்புக் கட்டையின் மேல்பகுதி, பின்புற மூலைகள் ஆகிய இடங்களில்தான் உளி தானாக இறங்கியது. மரத்தை மக்க வைக்கும் பூஞ்சைக்கு உகந்தது மழைத்தண்ணீர். உப்புத்தண்ணீரில் அது எளிதில் வளராது. மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும் அதனால் வளர முடியாது. ஆகவே மேல்தளத்தில் சொட்டும் மழைநீரும் காற்று புகாத மூலையும் ஒன்றுசேரும் இடத்தில்தான் ஆபத்து. கடல்தண்ணீர் ஒழுகுகிறது என்று கவலைப்படுகிறவர்கள் மேலிருந்து ஒழுகும் நல்ல தண்ணீரைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு பழுது எங்களில் பலருக்கு முதலில் விளங்கவில்லை. கடல்நீர் உள்ளே வரும் வெண்கல அடைப்பான்களைச் சுற்றி மரத்தின் மேல் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. அதைச் சுரண்டினால் உள்ளே மரம் நார் நாராகப் பிய்ந்து வந்தது. அது மக்கல் இல்லை. முந்தைய உரிமையாளர் ஒருவர் எல்லா உலோகப் பாகங்களையும் கம்பியால் இணைத்து, வெளியே துத்தநாகக் கட்டிகளோடு பூட்டியிருந்தார். துத்தநாகம் கரைந்து வெண்கலத்தைக் காப்பாற்றும் என்பது சரிதான். ஆனால் அந்த மின்வேதி வினையில் வெண்கலத்தின் பக்கம் காரம் உருவாகிறது, அந்தக் காரம் மர நார்களை ஒட்டிவைத்திருக்கும் லிக்னினைக் கரைக்கிறது. துத்தநாகம் தேவைக்கு மேல் இருந்தால் உலோகம் பளபளவென்று இருக்கும், அதைப் பிடித்திருக்கும் மரம் போய்விடும். எஃகுப் படகுக்கு ஏற்ற வழக்கத்தை அப்படியே மரக்கப்பலுக்குக் கொண்டுவந்ததன் விளைவு இது.

எடுத்த முடிவும் காரணங்களும்

முதலில் மூன்று வழிகள் பேசப்பட்டன. வெளிப்புறம் முழுவதும் கண்ணாடி இழை உறை போடுவது ஒன்று. மக்கிய இடங்களை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே விட்டு ஓட்டுவது இன்னொன்று. உடலின் கட்டமைப்பையே பழைய முறையில் மீட்பது மூன்றாவது.

உரிமையாளர் முதல் வழியைப் பற்றிக் கேட்டார். வேலை சீக்கிரம் முடியும், ஒழுகலும் நிற்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஓடாவி சொன்னார்: "உறை போட்டா ஒழுகல் நிக்கும்யா, நான் இல்லேங்கல. ஆனா ஒடிஞ்ச வங்கு ஒடிஞ்சபடியேதான் இருக்கும். அப்புறம் உள்ள என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது."

அவர் சொன்னதன் பின்னால் உள்ள காரணம் எளிது. பலகை ஈரத்தில் குறுக்குவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். கண்ணாடி இழை உறை அப்படி அசையாது. இரண்டுக்கும் நடுவே ஒட்டு விட்டுப்போகும். அந்த இடைவெளியில் தங்கும் ஈரம் வெளியேற வழியில்லை. மெல்லிய ஒட்டுப்பலகையால் கட்டிய படகுக்கு உறை நன்றாகவே பொருந்தும். தடித்த பலகைகள் தனித்தனியாக அசையும் இத்தகைய உடலுக்குப் பொருந்தாது.

இரண்டாவது வழி அப்படியொன்றும் முட்டாள்தனமானதல்ல. ஓரிரு ஆண்டுகள் ஓட்டிவிட்டு முடிவெடுக்கலாம் என்று நினைப்பவருக்கு அது சரியாகவே இருக்கும். ஆனால் இந்தத் தம்பதி நீண்ட காலம் வைத்துக்கொள்ளவே வாங்கியிருந்தார்கள். 90 மி.மீ. வளைந்த உடலில் புதுப் பலகை ஏற்றினால் அந்த வளைவே நிலைத்துவிடும் என்று ஓடாவி விளக்கியபின் மூன்றாவது வழி உறுதியானது.

அத்தோடு ஒரு விதியும் ஏற்றுக்கொள்ளப்பட்டது: வடிவம் சரியாகும்வரை எந்தக் கட்டையும் கழற்றப்படாது. என் பார்வையில் முழுத் திட்டத்திலும் இதைவிட முக்கியமான முடிவு வேறு இல்லை. மரத்தை எங்கிருந்தாவது வாங்கிவிடலாம். அந்த உடலின் வடிவம் வேறு எங்கும் இல்லை. இதைக் கட்டியவர்கள் வரைபடம் எதையும் விட்டுச்செல்லவில்லை. உடல்தான் வரைபடம்.

முனைகளை மேலே கொண்டுவருதல்

முதலில் தரையில் நிலையான புள்ளிகள் குறித்தோம். ஒவ்வொரு மீட்டருக்கும் உடலின் குறுக்குவெட்டு வடிவத்தை மெல்லிய பலகையில் எடுத்து வைத்தோம். உள்ளே குறுக்குச் சட்டங்கள் கொடுத்து அகலம் விரியாமல் பூட்டினோம். சிமெண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறு உளியால் உடைத்து எடுத்தோம், கீழே ஏரா நல்ல நிலையில் இருந்தது பெரிய ஆறுதல்.

அடுத்து, முனைகளுக்கு அடியில் இருந்த தாங்குகட்டைகளை அப்படியே வைத்துக்கொண்டு, நடுக்கட்டைகளின் ஆப்புகளை வாரத்துக்குச் சில மி.மீ. மட்டும் தளர்த்தினோம். கப்பலின் சொந்த எடையே நடுப்பகுதியைக் கீழே இறக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. கான்ஸ்டிடியூஷனிலும் உலர்துறைத் தாங்குகட்டைகளின் மேல் ஏராவை மெல்ல மெல்லத் தளர விட்டுத்தான் வளைவை எடுத்தார்கள்.

முதல் சில வாரங்கள் எதுவுமே அசையவில்லை. காரணத்தை ஓடாவிதான் கண்டுபிடித்தார். முனைகள் தொங்கும்போது உடலின் மேல்பகுதி இழுபட்டு நீளும். அதனால் மேல்வரிசைப் பலகைகளின் நுனிகள் ஒன்றோடொன்று சேரும் முட்டு மூட்டுகள் விரிந்திருந்தன. அந்த இடைவெளிகளில் பல காலமாகப் பலரும் புட்டியையும், ரப்பர் போன்ற செயற்கைப் பசையையும் திணித்திருந்தார்கள். முனை மேலே வரவேண்டுமானால் அந்த இடைவெளி மூட வேண்டும். திணித்த பொருள் அங்கே கல்லாய் இருந்தால் எப்படி மூடும்? வளைந்த கொக்கி உளியால் அத்தனை மூட்டுகளையும் சுரண்டிச் சுத்தம் செய்தோம். மேல்தள இடுக்குகளையும் அப்படியே. பழைய வண்ணத்தில் ஈயம் இருந்ததால் முகமூடி போட்டுக்கொண்டு, ஈரப்படுத்தியே சுரண்டினோம். சுத்தம் செய்த சில நாட்களிலேயே விரல்நுனி நுழையும் அளவு இருந்த ஓர் இடைவெளி மயிரிழையாகச் சுருங்கியது. இழைப்பானுக்கும் வாய்ச்சிக்கும் வேலையே இல்லாமல் கப்பல் தானே தன் இடத்துக்கு நகர்ந்ததை அன்று கண்ணால் பார்த்தோம்.

மாதங்கள் சென்றபின் 90 மி.மீ. என்பது 25 ஆனது. அந்தக் கட்டத்தில் ஏராவின் சாய்வு மூட்டு ஒன்றில், அதாவது இரண்டு கட்டைகளைச் சாய்வாக வெட்டிச் சேர்த்த இடத்தில், மெல்லிய விரிசல் தெரிந்தது. இன்னும் இறக்கினால் மூட்டே பிளந்துவிடலாம். அங்கேயே நிறுத்திவிடுவது என்று முடிவானது. மீதி 25 மி.மீ. இந்தக் கப்பலின் வயதுக்கு உரியது. நூல் பிடித்தாற்போல் நேராக்குவதற்காக மூல ஏராவை இழப்பதில் அர்த்தமில்லை.

வங்குகள்

வடிவம் நிலைத்த பிறகே வங்குகளைத் தொட்டோம். ஒரு வங்கைக் கழற்றினால் அதன் இருபுறமும் உள்ளவை இடத்தில் இருக்க வேண்டும். ஒன்றைப் புதிதாகப் போட்டு ஆணி அடித்து முடித்த பிறகே அடுத்தது. அடுத்தடுத்து இரண்டைக் கழற்றினால் பலகை தன் இஷ்டத்துக்கு நிமிர்ந்துவிடும்.

புது வங்குகள் 40 மி.மீ. தடிமன். 25 மி.மீ. தடிமனுக்கு ஒரு மணி நேரம் ஆவி என்பது தொழிலில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு, அதன்படி ஒன்றரை மணிக்குச் சற்று அதிகம். முதலில் கிடைத்த ஓக் சூளையில் உலர்த்தியது. ஆவியிலிருந்து எடுத்து வளைத்தபோது ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தது. சூளையின் வறட்சியில் காய்ந்துபோன மரத்தை ஆவி மறுபடி முழுதாக இளக்குவதில்லை. வெட்டி அதிக நாளாகாத, நேர் நார் ஓடும் பச்சை ஓக் வந்த பிறகுதான் வேலை நடந்தது. நார் குறுக்கே ஓடி வெளியேறும் துண்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒதுக்கப்பட்டது.

வளைக்கும் வேளையில் பேச்சுக்கே இடமில்லை. பெட்டியைத் திறந்து, தடித்த கையுறையோடு ஒருவர் இழுக்க, இன்னொருவர் கப்பலுக்குள் வாங்கி, அடிநுனியை ஏராவின் பள்ளத்தில் பொருத்துவார். மேல்நுனியைப் பிடித்தவர் தன்பக்கம் சற்றே அதிகமாக வளைத்து, அப்புறம் உடலோடு சாய விடுவார். அதற்குள் மூன்றாமவர் கீழிருந்து மேலாகப் பிடிகருவிகளைப் பூட்டிக்கொண்டே வர வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடியாவிட்டால் மரம் விறைத்துவிடும். பயிற்சியில் இருந்த இளைஞர் முதலில் மேல்நுனியைப் பயந்து பயந்து பிடித்தார். "தம்பி, மரம் ஒடையும்னு நெனச்சுப் புடிச்சா ஒடஞ்சுதான் போகும். முழுக்கையையும் குடு" என்றார் ஓடாவி. பிறகு அந்த இடம் இளைஞருடையதாகவே ஆகிவிட்டது.

மொத்த வங்குகளில் மூன்றில் இரண்டு பங்கு புதியதாயிற்று. ஒடியாதவற்றிலும் ஆணித்துளைகள் பெருத்துப் பிடிப்பு போயிருந்ததே காரணம். ஏரா போல்ட்டுகள் அனைத்தும் மாற்றப்பட்டன, இம்முறை வெண்கலத்தில்.

எவ்வளவு பழைய மரம் மிஞ்ச வேண்டும்

இந்தக் கேள்வியில் குழுவுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு இருந்தது. தச்சர் ஒருவர் பலகைகளை முழுக்க மாற்றிவிடலாம் என்றார், வேலையும் சுலபம், ஆயுளும் அதிகம். உரிமையாளரின் மனைவி ஒவ்வொரு துண்டும் பழையதாகவே இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

கட்டடங்களைப் பாதுகாப்பதற்கு 1964இல் உருவான வெனிஸ் சாசனமும், அதைத் தழுவி ஓடும் பழங்கப்பல்களுக்காக உருவான பார்சிலோனா சாசனமும் இங்கே கைகொடுத்தன. மாற்றும் பகுதி முழுமையோடு இசைந்திருக்க வேண்டும், அதேசமயம் அது புதியது என்று அடையாளம் காணவும் முடிய வேண்டும் என்பது அவற்றின் நிலைப்பாடு. 1841இல் கட்டப்பட்ட திமிங்கில வேட்டைக் கப்பல் சார்லஸ் டபிள்யூ. மார்கன் பெரும் மறுசீரமைப்புக்குப் பின் 2014இல் மறுபடி கடலில் பாய் விரித்தது. அதன் மூல மரத்தில் சிறு பங்கே மிஞ்சியிருக்கிறது. அதை யாரும் போலி என்று சொல்வதில்லை.

நாங்கள் வகுத்துக்கொண்ட அளவுகோல் இது: வலு தர வேண்டிய மரம் வலுவிழந்திருந்தால் மாற்றுவது, தோற்றத்துக்காக எதையும் மாற்றாதிருப்பது. அதன்படி ஏரா, பின்தண்டு, நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள பெரும்பாலான பலகைகள், உள்ளறைகளின் மரவேலை ஆகியவை தங்கின. முகப்புக் கட்டை, மேல்வரிசைப் பலகைகள், மேல்தளத்தின் ஒரு பகுதி ஆகியவை புதியவை. ஒவ்வொரு புது மரத்தின் உட்பக்கத்திலும் ஆண்டு பொறிக்கப்பட்டது.

அடைப்பான்களைச் சுற்றிய நார்மரம் வெட்டி எடுக்கப்பட்டு, உடலுக்கும் உலோகத்துக்கும் நடுவே புது மரத்தட்டுகள் வைக்கப்பட்டன. இணைப்புக் கம்பிகள் அனைத்தும் நீக்கப்பட்டன. எஃகு உந்துதண்டுக்கு மட்டும் ஒரு சிறு துத்தநாகக் கட்டி தங்கியது.

பலகையும் கலப்பத்தும்

கப்பல் பலகை நேராக இருப்பதில்லை. உடல் முனைகளை நோக்கி ஒடுங்குவதால், தரையில் விரித்தால் ஒவ்வொன்றும் வில்லாக வளைந்திருக்கும். மெல்லிய பலகை ஒன்றை இடத்தில் வைத்து, கவராயத்தால் பக்கத்துப் பலகையின் விளிம்பை அதில் பதித்து, அந்தக் கோட்டிலிருந்து வெட்டினோம். ஒரு பலகையின் முட்டு மூட்டு பக்கத்துப் பலகையின் மூட்டுக்கு அருகே வராதபடி குறைந்தது மூன்று வங்கு இடைவெளி விடப்பட்டது. விளிம்புகள் உட்பக்கம் முட்டி, வெளிப்பக்கம் சற்றே விரிந்திருக்கும்படி இழைக்கப்பட்டன. பஞ்சு போய் நிற்க அந்த விரிவுதான் இடம்.

கலப்பத்து அடிப்பதை ஓடாவி வேறு யாரிடமும் அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. பஞ்சுத் திரியை இடுக்கில் சிறு சிறு மடிப்பாக வைத்து, தட்டை உளியால் கொட்டாப்புளி கொண்டு இறக்க வேண்டும். இடுக்கு அகலமான இடத்தில் மடிப்பு நெருக்கமாக, குறுகிய இடத்தில் தளர்வாக. பஞ்சு சரியாக இறுகியதும் உளியின் ஓசை மாறும், மந்தமாக ஒலித்துக்கொண்டிருந்தது கணீரென்று ஆகும். அத்தோடு நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் அடிப்பவர் பலமாகச் செய்கிறோம் என்று நினைத்துப் பழுது செய்கிறார். கொட்டகையில் காய்ந்திருக்கும் பலகை தண்ணீரில் விரியும்போது, இறுக அடைத்த பஞ்சு வழிவிடாது. அந்த அழுத்தம் ஆணிகளை இழுக்கும், வங்கையே ஒடிக்கும். முதலில் கண்ட ஒடிந்த வங்குகளில் சிலவற்றுக்கு இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்பது அவர் கருத்து. அந்த இடங்களில் பஞ்சு கட்டைபோல் இறுகிக் கிடந்ததை நாங்களும் பார்த்தோம்.

வெப்பமான மாதங்களில் கொட்டகைக்குள் பலகைகள் அளவுக்கு மீறிக் காய்ந்தன. ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டு, உட்புறம் உப்புநீர் தெளித்துச் சமாளித்தோம்.

பாய்மரங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பெரிய மரத்தின் மேல்பகுதி மக்கியிருந்தது. தடிமனைப்போல் 12 மடங்கு நீளச் சாய்வு மூட்டு வெட்டிப் புது நுனி ஒட்டப்பட்டது.

தண்ணீரில் இறக்கியபின்

இறக்கிய இரவு முழுவதும் தூக்கும் வார்ப்பட்டைகள் கப்பலைத் தாங்கியே இருந்தன. இரண்டு இறைப்பான்கள் ஓடிக்கொண்டே இருந்தன. பல இடுக்குகளில் தண்ணீர் வந்தது, எதிர்பார்த்ததுதான். மூன்றாம் நாள் பலகைகள் விரிந்து ஒன்றையொன்று நெருக்க, ஒழுகல் பெரும்பாலும் நின்றது. ஏராவை ஒட்டிய முதல் பலகையின் பின்நுனியில் மட்டும் நிற்கவில்லை. கப்பலை மறுபடி மேலேற்றிப் பார்த்தபோது, ஏராவில் பலகையின் விளிம்பு அமரும் பள்ளமான காடியில் பழைய மரம் ஒரு கையளவு இளகியிருந்தது. அங்கே ஒரு துண்டு பதித்துக் கலப்பத்து புதிதாக அடித்ததும் சரியானது.

இரண்டு பருவங்கள் பாய் விரித்து ஓடியபின் மேலேற்றி அளந்தோம். ஏராவின் வளைவு 25இலிருந்து 30 மி.மீ. ஆகியிருந்தது. புது வங்குகள் எதிலும் முறிவு இல்லை. அடைப்பான்களைச் சுற்றி வெள்ளைப் படிவு திரும்ப வரவில்லை. முகப்பில் ஒரு புதுப் பலகை சற்றுச் சுருங்கி இடுக்கு விரிந்திருந்தது. அந்தப் பலகை மற்றவற்றைவிட ஈரமாக வந்தது என்று பதிவேட்டில் இருந்தது.

அடுத்த முறை மாற வேண்டியவை

மரம் வாங்குவது முதல் வேலையாக இருக்க வேண்டும். வடிவத்தைச் சரிசெய்யும் மாதங்களிலேயே பலகை மரம் நிழலில் அடுக்கப்பட்டிருந்தால் ஈரப்பதம் ஒரே சீராக வந்திருக்கும். 25 மி.மீ. தடிமனுக்கு ஓராண்டு காற்றில் உலர்த்துவது பழைய கணக்கு. வங்குக்கான ஓக் இதற்கு நேர்மாறானது, அதை வளைக்கும் நாளுக்கு நெருங்கித்தான் வெட்ட வேண்டும். இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதி ஒரே நேரத்தில் கேட்பதுதான் சூளை மரம் வந்து சேரக் காரணம்.

முட்டு மூட்டுகளைச் சுத்தம் செய்வது ஆப்புகளைத் தளர்த்துவதற்கு முன்பே நடக்க வேண்டும். கொட்டகையின் ஈரப்பதத்தை வெயில் தொடங்கும் முன்பே கவனிக்க வேண்டும். ஏராவின் காடியை முழு நீளத்துக்கும் உளிநுனியால் சோதிக்காமல் முதல் பலகையை மூடக்கூடாது.

ஏரா போல்ட்டுகளில் ஒன்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்ப்பது என்று உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து. குறுக்குவெட்டு அச்சுப் பலகைகள் அனைத்தும் எண்ணிட்டு, அளவுப் பதிவேட்டோடு கப்பலின் ஆவணங்களில் சேர்க்கப்பட்டுள்ளன. ஆண்டுதோறும் நடக்கும் கலப்பத்துப் பரிசோதனையை இப்போது செய்வது அந்த இளைஞர்தான்.